காலும் காலும்

உடம்பின் உறுப்பையும் தேரின் உருளையையும் வீசும் காற்றையும் ‘கால்’ என்னும் ஒரே சொல்லால் சுட்டுவது தமிழின் பழைய வழக்கு. முதலிரண்டு கால்களையும் ஒன்று அசையாமல் மற்றது அசைய இயலாதவாறு பிணைத்து வைக்கும் எளிய பொறி ஒன்று உண்டு. அதுவே ‘ஃபிக்சட் கியர்’ எனப்படும் துவிச்சக்கரவண்டி. வழக்கமான சைக்கிளின் பின்சில்லில் ‘பிறீவீல்’ என்னும் உறுப்பு இருக்கும். உழக்குவதை நிறுத்தினாலும் சில்லு தன் வேகத்தில் தொடர்ந்து உருளுமாறு, பற்சக்கரத்தையும் சில்லையும் வேண்டும்போது பிரித்துவிடுவது அதன் வேலை. ஃபிக்சட் கியர் வண்டியில் அவ்வுறுப்பு இல்லை. பற்சக்கரம் சில்லின் குடத்தோடு அசையாமல் இறுக்கப்பட்டிருப்பதால், சில்லு சுழலும் வரை பெடலும் சுழலும், பெடல் சுழலும் வரை அதன்மேல் உள்ள காலும் சுழன்றே தீரவேண்டும். தொடக்ககாலத்துப் பெடல் சைக்கிள்கள் பெரும்பாலும் இவ்வகையினவாகவே இருந்தன. 19 ஆம் நூற்றாண்டு முடியும் தறுவாயில் பிறீவீல் பரவிய பின்னரே, ஓடும் வண்டியில் கால் ஓய்ந்திருப்பது மனிதருக்கு வாய்த்தது.

இப்பொறியில் ஏறி, ஒரு குழுவாக, நூற்றுக்கணக்கான கிலோமீற்றர் செல்லத் திட்டமிடுவது வெளிப்பார்வைக்கு உடற்பயிற்சி பற்றிய செய்தியாகவே தோன்றும். ஆயினும் அத்திட்டத்தை வரைபவர், தாம் அறிந்தோ அறியாமலோ, சைவ சித்தாந்தமும் வேதாந்தமும் நெடுங்காலமாக வாதிட்டுவரும் ஒரு வினாவைத் தொட்டுவிடுகிறார். செயல் தொடர்ந்துகொண்டிருக்கும்போதே செய்பவன் ஓய்ந்திருக்க முடியுமா? முடியுமெனின் அந்த ஓய்வு எத்தகையது? வினை, முயற்சி, ஊழ், சும்மா இருத்தல் ஆகிய சொற்கள் அனைத்தும் இவ்வினாவைச் சுற்றியே நிற்கின்றன. கொழும்பின் தமிழர் வாழும் இரு முனைகளான கொட்டாஞ்சேனையிலிருந்தும் வெள்ளவத்தையிலிருந்தும் முருகன் தலமான கதிர்காமத்துக்குச் செல்லும் ஒரு பயணத்தை எடுத்துக்கொண்டால், இவ்வினாவை ஏட்டிலிருந்து இறக்கி வீதியில் நிறுத்திப் பார்க்கலாம்.

கதிர்காமத்தைத் தேர்வதற்குக் காரணம் உண்டு. 1870களில் வாந்திபேதி பரவியதை முன்னிட்டு, கதிர்காம யாத்திரையைக் குடியேற்ற அரசு கட்டுப்படுத்தியபோது, கொழும்பு நகரத்தார் தம் நேர்த்தியை நகருக்குள்ளேயே நிறைவேற்றத் தலைப்பட்டனர் என்பது ஆடிவேல் விழாவின் தோற்றம் குறித்து வழங்கும் வரலாறு. செட்டியார் தெருக் கதிரேசன் கோயில்களிலிருந்து புறப்படும் வேல், காலிமுகத்திடலைக் கடந்து, காலி வீதி வழியே பம்பலப்பிட்டி, வெள்ளவத்தைப் பக்கத்துக் கோயில்களை அடைந்து திரும்பும். போகமுடியாத தலத்தை நோக்கித் திரும்பிய முகமாகவே அவ்வூர்வலத்தைக் கொள்ளலாம். ஏனெனில் வெள்ளவத்தையைக் கடந்து தெற்கே செல்லும் அதே காலி வீதி, ஏ2 என்னும் நெடுஞ்சாலையாகக் காலி, மாத்தறை, அம்பாந்தோட்டை வரை நீண்டு, திஸ்ஸமகாராமைப் பக்கமாகக் கதிர்காமத்துக்குக் கிளைவிடுகிறது. சேர் பொன்னம்பலம் இராமநாதன் கருங்கல்லால் எடுப்பித்த பொன்னம்பலவாணேசுவரம் நிற்கும் கொட்டாஞ்சேனைப் பக்கத்திலிருந்து புறப்படும் ஒரு குழு, 10 கிலோமீற்றருக்குச் சற்றுக் குறைவான தூரம் வேலின் வழியையே பின்பற்றி வெள்ளவத்தையில் மற்றக் குழுவோடு சேர்ந்து, வேல் திரும்பிய இடத்திலிருந்து மேலே செல்லும். இவ்வீதியில் 1983 யூலையில் தமிழருக்கு எதிரான வன்முறையில் எரிந்த கடைகளையும் வீடுகளையும் நினையாமல் அதில் ஊர்வலம் பற்றிப் பேசுவது கொழும்புத் தமிழர் எவருக்கும் எளிதன்று. பொது வீதியில் கூட்டமாகச் செல்லும் உரிமை இயல்பாகக் கிடைத்த ஒன்றாக அங்கு ஒருபோதும் கருதப்பட்டதில்லை.

திட்டத்தின் முதற் பணி பற்களை எண்ணுவது. கியர் மாற்றும் வசதி இல்லாத வண்டியில், முன் பற்சக்கரத்தின் பற்களுக்கும் பின் பற்சக்கரத்தின் பற்களுக்கும் உள்ள விகிதம் புறப்படுமுன் ஒருமுறை தெரிவுசெய்யப்படுகிறது. வழியில் அதை மாற்ற இயலாது. முன்னே 46, பின்னே 16 பற்கள் என்று கொண்டால், பெடல் ஒருமுறை சுற்றும்போது சில்லு 2.875 முறை சுற்றும். சில்லின் சுற்றளவு ஏறத்தாழ 2.1 மீற்றர் ஆதலால், பெடலின் ஒரு சுற்றுக்கு வண்டி 6 மீற்றருக்குச் சற்று மேலாக நகரும். கொழும்பிலிருந்து கதிர்காமம் ஏறத்தாழ 280 கிலோமீற்றர். ஆகவே இப்பயணம் முடிவதற்குப் பெடல் ஏறத்தாழ 46,400 முறை சுற்றவேண்டும். வெயிலானாலும் மழையானாலும், மனம் ஊன்றியிருந்தாலும் அலைந்தாலும், இத்தொகை குறையாது. பிறீவீல் உள்ள வண்டியில் இவ்வாறு முன்கூட்டிச் சொல்ல முடியாது; ஒருவர் ஒவ்வோர் இறக்கத்திலும் காலை நிறுத்துவார், இன்னொருவர் நிறுத்தமாட்டார், இருவர் கணக்கும் வேறுபடும். ஃபிக்சட் கியரில், ஒரே விகிதமும் ஒரே அளவுச் சில்லும் கொண்ட பத்துப் பேர் சென்றால், பத்துப் பேருக்கும் ஒரே எண்ணிக்கைதான். முதியவருக்குச் சலுகையும் இல்லை, வலியவருக்கு மிகுதியும் இல்லை.

செபமாலை உருட்டிப் பழகிய சமூகத்துக்கு இந்த எண்ணிக்கை புதியதாகத் தோன்றாது. 108 மணிகள் கொண்ட மாலையாகக் கணக்கிட்டால் இது ஏறத்தாழ 430 சுற்று மாலை. செபத்தில் எண்ணிக்கை எதற்கு என்னும் கேள்விக்கு நூல்கள் பலவாறு விடை கூறினாலும், அனுபவத்தில் தெரிவது ஒன்று: ‘இன்று போதும்’ என்று மனம் சொல்லும்போது அதன் சொல்லைக் கேளாதிருப்பதற்கு எண்ணிக்கை உதவுகிறது. மாலையை உருட்டுபவர் கையை நிறுத்திவிடலாம். அப்போது மாலையும் நின்றுவிடும். ஃபிக்சட் கியரில் ஓடும்போது காலை நிறுத்த முயன்றால், சில்லு அம்முயற்சியைக் காலோடு சேர்த்துத் தூக்கி எறிய முற்படும். நெடுங்காலம் பிறீவீல் வண்டி ஓட்டியவர் முதன்முதலாக ஃபிக்சட் கியரில் ஏறும்போது, மதகைத் தாண்டியதும் அல்லது சந்தியை நெருங்கியதும், தம்மை அறியாமலே காலை ஓயவிடப் பார்ப்பதும், மேலெழும் பெடல் அவரை ஆசனத்திலிருந்து கிளப்புவதும் தவறாது நிகழும். அறிவு தெளிந்த பின்னும் பழைய பழக்கத்தின் மணம் உடம்பில் தங்கியிருத்தலைச் சித்தாந்திகள் ‘வாசனாமலம்’ என்பர். பெருங்காயம் தீர்ந்த பாத்திரத்தில் அதன் மணம் நீங்காதிருப்பது போன்றது அது.

வினைக்கோட்பாட்டின் மூன்று பிரிவுகளை இங்கே நினைவுகூர்வது தகும். முற்பிறவிகளில் ஈட்டிக் குவித்தது சஞ்சிதம். அக்குவியலிலிருந்து இப்பிறவியில் நுகர்வதற்கெனப் பிரித்துத் தரப்பட்டது பிராரத்தம், அதாவது ஊழ். நுகரும்போதே புதிதாக ஏறுவது ஆகாமியம். பற்களைத் தெரிவுசெய்யும் கட்டம், வினையை ஈட்டும் கட்டத்தை ஒத்தது. அங்கே தெரிவு உண்டு, பொறுப்பும் உண்டு. வெள்ளவத்தையில் வண்டி நகரத் தொடங்கியதும், விகிதமும் வழித்தூரமும் சேர்ந்து 46,400 என்னும் தொகையைப் பிராரத்தமாக்கிவிடுகின்றன. எஞ்சியிருப்பது ஆகாமியத்தின் களம் மட்டுமே: அச்சுற்றுகளை வெறுப்போடு சுற்றுவதா, செருக்கோடு சுற்றுவதா, அல்லது இரண்டுமின்றிச் சுற்றுவதா என்பது. உவமைகளை எல்லை மீறி இழுப்பது தத்துவ நூல்களின் பழைய நோய் என்பதையும், உவமை எதுவும் ‘ஒருபுடை உவமை’, அதாவது ஒரு பக்கத்தால் மட்டும் ஒப்பது, என்று உரையாசிரியர்கள் எச்சரித்திருப்பதையும் மறத்தலாகாது. சில்லு சடம், உயிரோ அறிவுடையது. இருந்தும், திட்டமிடுதல் ஏன் சமயத்துக்குரிய செயலாகிறது என்பதை இவ்வொப்புமை நன்கு காட்டுகிறது. திட்டம் என்பது சுதந்திரம் இருக்கும் இடத்தையும் அது முடியும் இடத்தையும் பிரிக்கும் கோடு.

இக்கோட்டைப் பிழையாக வரைந்தால் நேர்வதற்கு ஒரு சிறிய எடுத்துக்காட்டு பற்களிலேயே உள்ளது. பிறேக்கைப் பயன்படுத்தாமல், உடம்பை முன்சாய்த்துக் காலை இறுக்கிப் பின்சில்லை வழுக்கச்செய்து வேகம் தணிப்பது ஃபிக்சட் கியர் ஓட்டுபவர்களிடையே ஒரு பழக்கம். முன்னே 48, பின்னே 16 என்று வைத்தால், பெடலின் ஒரு சுற்றுக்குச் சில்லு சரியாக 3 சுற்றுச் சுற்றும். எனவே ஒரே நிலையில் கால் இறுகும்போதெல்லாம் ரயரின் அதே ஒரே இடம்தான் தார்வீதியில் தேயும். 46க்கு 16 என்றால் அத்தேய்வு 8 இடங்களில் பகிரப்படும். இரண்டு பற்களின் வேறுபாட்டால் ஒரு ரயர் பயணத்தின் நடுவே வெடிக்கவும் கூடும், முடிவுவரை தாங்கவும் கூடும். வட்டமாக முழுமையடையும் எண்ணைவிட, முழுமையடையாமல் எச்சம் விடும் எண்ணே இங்கு நலம் பயக்கிறது என்பது, நிறைவெண்களை விரும்பும் சோதிட மனத்துக்குச் சற்று உறுத்தலாகவே இருக்கும்.

வழித்தெரிவிலும் இதே கோடு குறுக்கிடுகிறது. கதிர்காமத்துக்கு இரத்தினபுரி, பலாங்கொடை வழியாக மலையேறி, பெரகலைக்கு அப்பால் கொஸ்லந்தை, வெல்லவாய என இறங்கும் வழியும் உண்டு. ஏற்றத்தில் 46க்கு 16 என்னும் விகிதம் முழங்காலை வருத்தும் என்பது எவருக்கும் விளங்கும். ஆனால் ஃபிக்சட் கியரில் ஏற்றத்தைவிட இறக்கமே கொடியது. மணிக்கு 25 கிலோமீற்றர் வேகத்தில் நிமிடத்துக்கு ஏறத்தாழ 69 முறை சுற்றும் கால், மணிக்கு 50 கிலோமீற்றரில் 138 முறை சுற்றவேண்டும். அங்கே காலுக்குத் தள்ளும் வேலை இல்லை. தள்ளப்படும் வேலையே உண்டு. ஆகவே தட்டையான கரையோர வழியே ஏற்றது. அவ்வழியிலும் ஆடி மாதத்தின் தென்மேல் பருவக்காற்று கணக்கில் கொள்ளப்படவேண்டும். களுத்துறை முதல் காலி வரை மழையோடு பக்கவாட்டில் வீசும் அக்காற்று, தெவிநுவரை முனையைத் தாண்டி வீதி கிழக்கு நோக்கித் திரும்பியபின் முதுகைத் தள்ளும். பிறீவீல் வண்டிக்கு இது வரம். ஃபிக்சட் கியருக்கோ, எதிர்க்காற்று ஒருவகை வேலையையும் பின்காற்று வேறுவகை வேலையையும் தருகிறது. இரண்டிலும் கால் விடுதலை பெறுவதில்லை. நல்வினைப் பயனும் தீவினைப் பயனும் பொன்விலங்கும் இரும்புவிலங்கும் போன்றவை என்றும், இரண்டையும் ஒரே தன்மையாக நோக்கும் நிலை வந்தபின்னரே திருவருள் பதியும் என்றும் சித்தாந்தம் கூறும். அந்நிலைக்கு ‘இருவினையொப்பு’ என்று பெயர். அதை ஏட்டில் படித்து ஒப்புக்கொள்வதற்கும், தங்காலைக்கு அப்பால் பின்காற்றின் தள்ளலில் முழங்கால் நடுங்க உணர்வதற்கும் இடையே வேறுபாடு உண்டு.

இனி, ஓய்வு என்னும் மைய வினா. ஞானம் எய்தியவனுக்கும் உடம்பு ஏன் தொடர்ந்து இருக்கிறது என்னும் கேள்விக்குச் சாங்கிய காரிகை குயவனின் சக்கரத்தை உவமையாகக் காட்டியது. குயவன் கையை எடுத்தபின்னும் முன்பெற்ற வேகத்தால் சக்கரம் சிறிதுநேரம் சுழல்வதுபோல, அறிவு கைகூடிய பின்னும் உடம்பு பழைய வேகத்தால் நிலைக்கும் என்பது அதன் கருத்து. பின்வந்த வேதாந்திகளும் இவ்வுவமையை விரும்பிக் கையாண்டனர். உற்றுநோக்கினால், இது பிறீவீலின் உவமை. சக்கரம் சுழல்கிறது, குயவனின் கை ஓய்ந்திருக்கிறது. இரண்டுக்கும் தொடர்பு அறுந்துவிட்டது. செயல் ஒருபுறம் ஓட, செய்தவன் மறுபுறம் பார்த்திருக்கிறான். துறவின் இலக்கணமாக இவ்வோவியம் நெடுங்காலம் நிலைத்தது. சும்மா இருத்தல் என்பதையும் பலர் இவ்வாறே பொருள்கொள்கின்றனர்.

ஃபிக்சட் கியர் இவ்வுவமைக்கு இடந்தரவில்லை. அங்கே கையை எடுக்க முடியாது. சக்கரம் சுழலும் வரை கை அதனோடேயே இருக்கவேண்டும். அப்படியாயின் ஓய்வே இல்லை என்றாகுமா? இங்கேதான் இப்பொறி ஒரு நுட்பத்தைக் கற்பிக்கிறது. பழகாதவர் இறக்கத்தில் சில்லை எதிர்த்துக் காலை இறுக்குகிறார்; களைக்கிறார். சற்றுப் பழகியவர் சில்லை முந்த முயன்று அவசரமாக உழக்குகிறார், அவரும் களைக்கிறார். நன்கு பழகியவரின் கால் சுழல்கிறது, ஆனால் அவர் அதைச் சுழற்றுவதில்லை, எதிர்ப்பதுமில்லை. தசை தளர்ந்திருக்க, சில்லே காலைக் கொண்டுபோகிறது. வெளியிலிருந்து பார்ப்பவருக்கு மூவரும் ஒன்றையே செய்கிறார்கள். மெய்கண்டார் அருளிய சிவஞானபோதத்தின் பத்தாம் சூத்திரம் பேசும் ‘இறைபணி நிற்றல்’ என்னும் நிலையும் செயலை ஒழிக்கச் சொல்வதன்று. செயல் தொடர, ‘யான் செய்கிறேன்’ என்னும் முனைப்பு மட்டும் கழன்றுவிடும் நிலையையே அது குறிப்பதாகக் கொள்வர். அந்நிலையில் ஊழ் உயிரைத் தாக்காமல் உடம்பளவில் கழியும் என்பதை ‘உடலூழாய்க் கழிதல்’ என்று சித்தாந்திகள் குறிப்பர். குயவனின் சக்கரத்தைவிட இறக்கத்தில் தளர்ந்து சுழலும் அக்கால், இக்கொள்கைக்கு நெருக்கமான உவமையாக அமைகிறது. ஏனெனில் தொடர்பு அறாமலே பற்று அற்றிருப்பதைக் காட்ட அதனால் முடிகிறது.

கீதையின் 18 ஆம் அத்தியாயத்தில், எல்லா உயிர்களின் இதயத்திலும் இருக்கும் ஈசுவரன் அவற்றை யந்திரத்தில் ஏற்றப்பட்டவை போலச் சுழற்றுகிறான் என்னும் கருத்து வருகிறது. யந்திரத்தில் ஏற்றிய மரப்பாவைகள் போல என்று சங்கரர் இதற்கு உரைகண்டார். மரப்பாவைக்கு இறுக்கவும் தளரவும் தெரிவு இல்லை. இரு சக்கரத்தில் ஏறியவருக்கு உண்டு. அந்தச் சிறு தெரிவைச் சைவர்கள் விட்டுக்கொடுக்க விரும்பாததே, இரு மரபுகளின் வேறுபாடுகளுள் ஆழமானதெனலாம். கதிர்காமத்திலும் வழிபடப்படுவது, மந்திர வரைவு என்னும் வேறு பொருளில், ஒரு யந்திரமே. மூலத்தானத்தில் உருவத்தை எவரும் காண்பதில்லை; திரை மூடியிருக்க, வாயைத் துணியால் கட்டிய கப்புறாளை பேசாது பூசை செய்வார்; விழாக்காலத்தில் பேழையொன்று யானைமேல் உலாவரும். மந்திரம் ஓதப்படாத அத்தலத்தில் பூசகரின் கைகள் ஓய்ந்திருப்பதில்லை. பேச்சு மட்டுமே ஒழிந்திருக்கிறது. அருணகிரிநாதர் பாடிய தலம் என்பதால், அவர் பெரிதாகப் போற்றிய சும்மா இருத்தலின் பொருளையும் அங்கே தேடுவது பொருத்தமே.

ஓய்வைப் பற்றிய இவ்வுயர்ந்த பேச்சுக்கு இணையாக, உடம்பின் ஓய்வையும் திட்டம் கவனிக்கவேண்டும். பிறீவீலில் செல்பவர் தாம் அறியாமலே நூறு சிறு ஓய்வுகளை வழிநெடுகப் பெற்றுவிடுகிறார். ஃபிக்சட் கியரில் செல்பவருக்கு அவை கிடையா. தண்ணீர் அருந்தும்போதும் கால் சுழலும். எனவே ஓய்வு தானாகக் கிடைக்காது என்பதை ஒப்புக்கொண்டு, முதல் நாள் மாத்தறை வரை 160 கிலோமீற்றர், மறுநாள் எஞ்சிய 120 என்று பிரித்து, ஒவ்வொரு நாளையும் 30 அல்லது 40 கிலோமீற்றர்க் கூறுகளாக்கி, பாணந்துறை, பெந்தோட்டை, அம்பலாங்கொடை என இறங்குமிடங்களை முன்னரே குறித்தல் வேண்டும். தமிழர் நிலங்களில் முற்காலத்து வீதியோரங்களில் ‘சுமைதாங்கி’ என்னும் கல்லமைப்பு இருந்தது. தலைச்சுமையோடு நடப்பவர் பிறர் உதவியின்றி அதை இறக்கவும் மீண்டும் ஏற்றவும் இயலாதாகையால், தலையுயரத்தில் ஒரு குறுக்குக்கல் நிறுத்தப்பட்டது. வயிற்றில் பிள்ளையோடு இறந்த பெண்ணின் நினைவாக அதை அமைப்பது வழக்கம். இறக்கிவைக்க முடியாத சுமையோடு இறந்தவளுக்காக, இன்னொருவரின் சுமையை இறக்க ஓர் இடம். ஓய்வு ஒருவரின் சொந்த உடைமையன்று, பிறர் அமைத்துத் தருவது என்னும் எண்ணம் அக்கல்லில் உள்ளது. தண்ணீர்ப்பந்தலும், சிங்களவர் விழாக்காலத்தில் வழியில் அமைக்கும் தன்சலும் இதே எண்ணத்தின் வேறு வடிவங்கள். குழுவாகச் செல்வதன் முதல் நியாயமும் இதுவே.

இரண்டாவது நியாயம் சற்று நுட்பமானது. வினை அவரவர்க்கே உரியது. ஒருவரின் 46,400 சுற்றுகளில் ஒன்றையேனும் மற்றவர் சுற்றித்தர முடியாது. அங்ஙனமாயின் கூட்டம் எதற்கு? சிவஞானபோதத்தின் இறுதிச் சூத்திரம், மலம் நீங்கியவரையும் அடியார் கூட்டத்தோடு கலந்திருக்கச் சொல்கிறது. தனித்திருந்தால் வாசனாமலம் மீளத் தலையெடுக்கும் என்பதே அதற்குத் தரப்படும் காரணம். குழுவில் செல்பவர் முன்செல்பவரின் பின்சில்லுக்கு ஒரு முழ இடைவெளியில் செல்லும்போது, தம் காலின் சிறு முரண்டும் பின்னால் வருபவரைத் தாக்கும் என்பதை அறிந்திருக்கிறார். விகிதம் ஒன்றாயிருக்கும் குழுவில், ஒரே வேகத்தில் அனைவரின் கால்களும் ஒரே கதியில் சுழல்கின்றன; மெலிந்தவரின் கதியே குழுவின் கதியாகிறது, ஏனெனில் வலியவர் முந்திச்சென்று ஓய்ந்து காத்திருப்பது குழுவின் இலக்கணத்துக்கே மாறானது. ஆகையால் பற்களின் விகிதத்தை வலியவரின் விருப்பத்துக்கு அமைக்காமல் மெலிந்தவரின் முழங்காலுக்கு அமைப்பது திட்டமிடுபவரின் கடமை. கதிர்காம பாதயாத்திரையில் ஒருவரையொருவர் ‘சாமி’ என்றே அழைப்பது போல, இங்கு விகிதம் பெயரின் இடத்தைப் பெறுகிறது. அதற்கு முன் தொழிலும் வயதும் ஊரும் கேட்கப்படுவதில்லை.

பிறேக் பற்றி ஒரு சொல். ஃபிக்சட் கியரைத் தூய வடிவில் ஓட்டவேண்டும் என்போர் பிறேக்கே பூட்டுவதில்லை. காலே பிறேக் என்பது அவர்கள் கொள்கை. சைக்கிள் பந்தயத் திடலில் அது பொருந்தும். இடமும் வலமும் பஸ்கள் ஒன்றையொன்று முந்தும் காலி வீதியில், பள்ளிப் பிள்ளைகள் கடவைக் கோட்டில் கால்வைக்கும் காலை வேளையில், அது தூய்மை என்னும் பெயரில் செய்யப்படும் இம்சை. மரபான கோயில் தேருக்கும் பிறீவீல் இல்லை, பிறேக்கும் இல்லை. வடம் பிடிப்போர் நூற்றுக்கணக்கில் இழுக்க, சக்கரத்தின் அடியில் முட்டுக்கட்டை இடுபவர் ஒருவர் குனிந்தபடியே கூட வருவார். தேரோட்டத்தில் மிகுந்த ஆபத்தையும் மிகுந்த பொறுப்பையும் ஏற்பவர் அவரே. ‘முட்டுக்கட்டை’ என்னும் சொல்லைத் தடை என்னும் இழிபொருளில் வழங்கப் பழகிவிட்ட மொழி, அவருக்கு நியாயம் செய்யவில்லை. முன்சில்லில் ஒரு பிறேக் பூட்டுவது கொள்கைக்குப் பங்கம் விளைவிக்காது. குழுவின் விதியாகவே அது இருக்கவேண்டும்.

இவற்றையெல்லாம் கேட்கும் மரபார்ந்த பக்தர் ஒருவர் எழுப்பக்கூடிய தடை வலியது. கதிர்காமத்துக்கு நடந்து செல்வதே முறை. தொண்டைமானாற்றுச் செல்வச்சந்நிதியில் தொடங்கி, முல்லைத்தீவு, திருகோணமலை, மட்டக்களப்பு, பொத்துவில், உகந்தை வழியாகக் குமண, யால காடுகளைக் கடக்கும் பாதயாத்திரை வாரக்கணக்கில் நீள்வது. அதில் பற்கணக்கும் இல்லை, மணிக்கணக்கும் இல்லை, கிடைத்ததை உண்டு கிடைத்த இடத்தில் உறங்கி முருகன் விட்ட வழியே செல்வதே அதன் சாரம். இவ்வளவு திட்டம் தீட்டுவது சரணாகதிக்கு முரண் அல்லவா என்று அவர் கேட்கலாம். யாழ்ப்பாணத்துக் கொழும்புத்துறையில் வாழ்ந்த யோகசுவாமிகள் (1872–1964), எக்காரியமும் என்றோ முடிந்துபோனது என்னும் கருத்தமைந்த வாக்கை அடியவர்க்கு அடிக்கடி கூறியதாகச் சொல்வர். முடிந்த காரியத்துக்குத் திட்டம் எதற்கு?

ஆயினும் பாதயாத்திரையைத் திட்டமற்றது எனக் கருதுவது, அதன் திட்டம் பலரின் பழக்கத்துள் கரைந்துபோய்க் கண்ணுக்குத் தெரியாமல் இருப்பதால் வரும் மயக்கம். கொடியேற்ற நாளுக்கு முன் காட்டைக் கடக்கவேண்டும், காட்டுவழி திறக்கப்படும் நாள் அறியவேண்டும், அடுத்த நீர்நிலை எங்கே என்பது தலைமை தாங்கும் சாமிக்குத் தெரிந்திருக்கவேண்டும். வேலை ஏந்திச் செல்பவரின் சொல்லுக்குக் கட்டுப்பட்டு மற்றவர் நடக்கும்போது, அவர்களுக்குத் திட்டம் அருளாகத் தோன்றுகிறது. தலைமை தாங்குபவரோ அருளையும் கணக்கையும் இருவேறாகக் காண்பதில்லை. ‘சங்கற்பம்’ என்னும் சடங்கே இதற்குச் சான்று. இன்ன நாளில், இன்ன இடத்தில், இன்ன பயன் கருதி, இன்ன செயலைச் செய்கிறேன் என்று நாளும் கோளும் இடமும் பெயரும் கூறி நீர்விட்டு உறுதிகொள்வது சங்கற்பம். திட்டத்தின் முழு இலக்கணமும் அதில் உண்டு. செயல் முடிந்ததும் பயனை இறைவனுக்கு ஒப்படைப்பதும் அதே சடங்கின் மறுபாதி. ஒப்படைக்க வேண்டுமானால் முதலில் கையில் ஏதேனும் இருக்கவேண்டும் என்பதையே சடங்கின் இவ்வமைப்பு காட்டுகிறது.

யோகசுவாமிகளின் வாக்கும் இவ்விடத்தில் வேறு ஒளியில் தெரிகிறது. அவரும் கதிர்காமத்துக்குக் கால்நடையாகச் சென்றவரே. காரியம் முடிந்துவிட்டது என்று நடக்காமல் இருந்துவிடவில்லை. விகிதமும் வழியும் தெரிவான அக்கணத்தில் 46,400 என்னும் தொகை முடிந்துவிட்டது. ஒரு சுற்றுக்கூட இன்னும் சுற்றப்படவில்லை. இரண்டும் ஒருங்கே உண்மை. இதை முரணாகக் காண்பவர், முடிதல் என்பதற்கும் நிகழ்தல் என்பதற்கும் இடையிலான வேறுபாட்டைக் கவனிப்பதில்லை.

கதிர்காமத்தை அடையும் குழுவுக்கு மேலும் ஒரு சிறு வழி எஞ்சியிருக்கும். மாணிக்க கங்கையை அண்டியதும் வண்டியிலிருந்து இறங்கி, அர்ச்சனைத் தட்டுக் கடைகளின் இடையே, வண்டிகளை விடும் இடம் வரை சைக்கிளை உருட்டிக்கொண்டு போகவேண்டும். பிறீவீல் வண்டியை உருட்டும்போது பெடல் அசையாமல் தொங்கும். ஃபிக்சட் கியர் வண்டியிலோ, ஆசனத்தில் எவரும் இல்லாதபோதும் பெடல்கள் முன்போலவே சுழன்றுகொண்டிருக்கும். பழகாதவர் நெருங்கி நடந்தால் கெண்டைக்காலில் அடிக்கும். திட்டத்தில் எழுதிய தொகையின் கடைசிச் சில சுற்றுகள் அவ்வாறே, யாருடைய காலும் படாமல், கழியும்.